ஏஞ்சலா? ஆங்கிளா?

மனிதருக்குக் கிடைத்த கொடைகளுள் மொழிக்கு ஈடானது வேறொன்றில்லை எனலாம். அன்னையை அழைப்பதும், ஆண்டவரை வேண்டுவதும், ஐயத்தைக் கேட்பதும் மொழியால்தான். இத்தகைய மொழியே ஒருத்தியின் வாயை அடைத்துவிடுமானால் அதைவிட வேதனை தருவது யாது? இந்த வினாவைத்தான் எங்கள் அன்புக்குரிய அருட்சகோதரிகள், ஆசிரியைகள், பெற்றோர், தோழியர் ஆகிய அனைவர் முன்னும் பணிவுடன் வைக்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் காவல் தூதரைப் பற்றி ஆங்கிலத்தில் ஆறு வரி வாசிக்கும் முறை எங்கள் தோழி ஒருத்திக்கு வந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு வரை தன் கிராமத்துப் பள்ளியில் தமிழிலேயே படித்து, ஆறாம் வகுப்பில் எங்களோடு வந்து சேர்ந்தவள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். அன்று அவள் தாளைப் பிடித்த கை நடுங்க, 'கார்டியன் ஏஞ்சல்' என்று வாசிக்க வேண்டியதைக் 'கார்டியன் ஆங்கிள்' என்று வாசித்துவிட்டாள். ஒரு முறையன்று, மூன்று முறை. முன் வரிசையில் தொடங்கிய சிரிப்பு கடைசி வரிசை வரை ஓடியது. அன்று இடைவேளையில் அவளிடம், "உன் காவலர் எத்தனை பாகை?" என்று கேட்டவர்களும் உண்டு. உண்மையை மறைப்பானேன்? கேட்டவர்கள் நாங்கள்தான்.

அதன்பின் அவள் மேடை ஏறவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் தொண்டை சரியில்லை என்று சொல்லி வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவாள். ஓராண்டு முழுவதும் ஒருத்திக்குத் தொண்டை சரியில்லாமல் போகுமா?

சில வாரங்கள் கழித்து, பள்ளிகளுக்கிடையே நடந்த தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு எங்களுள் ஒருத்தி சென்றாள். மழலையர் வகுப்பு முதல் ஆங்கிலத்திலேயே படித்தவள். மேடையில் நிமிர்ந்து நின்று, "எங்கள் பல்லி மிகவும் தொன்மையானது" என்று தொடங்கினாள். அரங்கில் எவரும் சிரிக்கவில்லை. நடுவராக வந்திருந்த வயது முதிர்ந்த தமிழாசிரியர் போட்டி முடிந்ததும் அவளை அருகில் அழைத்து, நாக்கை எப்படி மடித்தால் ளகரம் வரும், எப்படி வளைத்தால் ழகரம் வரும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் முதல் பத்து நாள்கள் மதிய உணவு நேரத்தில் வேப்பமரத்தடியில் அமர்ந்து அவளுக்கு 'வலி, வளி, வழி' என்று பயிற்சி கொடுத்தவள் யார் தெரியுமா? நாங்கள் சிரித்த அதே தோழிதான். அவள் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆங்கிலச் சொல்லைத் தவறாகச் சொன்னால் அறிவிலி. தமிழ்ச் சொல்லைத் தவறாகச் சொன்னால் நாகரிகம் என்ற எண்ணம் எங்களுக்குள் எப்படியோ புகுந்துவிட்டிருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க நூலகத்திற்குச் சென்று, பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினோம். அங்கே கண்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறோம். கேட்டபின் யார் மீது குற்றம் என்று நீங்களே முடிவு கூறுங்கள்.

முதலில் ஏஞ்சலையும் ஆங்கிளையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு சொற்களுக்கும் எழுத்துகள் அவையே. முன்னது 'ஈ, எல்' என்று முடியும். பின்னது 'எல், ஈ' என்று முடியும். அவ்வளவுதான் வேறுபாடு. ஏஞ்சல் என்பது கிரேக்க மொழியில் 'தூதர்' என்று பொருள்படும் 'அங்கெலோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் தமிழில் 'வானதூதர்' என்று சொல்வது அதன் நேர்ப்பொருளே. ஆங்கிள் என்பது 'மூலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான 'அங்குலுஸ்' என்பதிலிருந்து வந்தது. வடிவியலில் நாம் படிக்கும் கோணம் அதுவே.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. பிரிட்டன் தீவில் குடியேறிய செருமானியக் குலங்களுள் ஒன்றின் பெயர் 'ஆங்கிள்' என்பதாகும். இங்கிலாந்து என்ற பெயரும், இங்கிலீஷ் என்ற பெயரும், நாம் வழங்கும் 'ஆங்கிலம்' என்ற பெயரும் அக்குலத்தின் பெயரைத் தாங்கியவையே. பீட் என்னும் துறவி 731-ஆம் ஆண்டு எழுதி முடித்த இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பின்னாளில் திருத்தந்தையான பெரிய கிரகோரியார் உரோமைச் சந்தையில் விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்த சிறுவர்களைக் கண்டு, இவர்கள் யார் என்று வினவினாராம். ஆங்கிள் இனத்தார் என்று விடை வந்ததும், வானதூதரைப் போன்ற முகங்களுக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது என்று இலத்தீன் மொழியில் சிலேடையாகச் சொன்னாராம். அவர் அனுப்பிய அகுஸ்தீனார் 597-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வந்து இறங்கினார். ஆக, ஏஞ்சலையும் ஆங்கிளையும் சேர்த்துப் பேசியவர்களுள் ஒரு திருத்தந்தையும் உண்டு! அவர் சொன்னது சிலேடை. எங்கள் தோழி சொன்னது பிழை. ஆயினும் அந்தப் பிழைக்குள் ஒரு மொழியின் பெயரே ஒளிந்திருக்கிறது என்பதை அன்று சிரித்த எங்களில் ஒருத்தியும் அறிந்திருக்கவில்லை.

அடுத்து, நம் பள்ளியில் நாள்தோறும் புழங்கும் 'பிரின்ஸிபல்' என்ற சொல்லைப் பார்ப்போம். பள்ளித் தலைவியைக் குறிக்கும் சொல் 'ஏ, எல்' என்று முடியும். கொள்கை என்று பொருள்படும் சொல் 'எல், ஈ' என்று முடியும். ஒலி ஒன்றே. இரண்டும் 'முதலாவது' என்ற கருத்தைக் கொண்ட இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. முதலில் நிற்பவர் தலைவர். முதலில் நிற்கும் உண்மை கொள்கை. வங்கிக் கடனில் வட்டி நீங்கலாக உள்ள அசல் தொகைக்கும் 'பிரின்ஸிபல்' என்றுதான் பெயர்; அதுவும் 'ஏ, எல்' என்றே முடியும். நம் தமிழைப் பாருங்கள். பள்ளித் தலைவியை முதல்வர் என்கிறோம். வணிகத்தில் போடும் தொகையையும் முதல் என்கிறோம். இலத்தீனும் தமிழும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன. எங்கள் ஆங்கில ஆசிரியை சொல்லித் தந்த குறிப்பு ஒன்று: தலைவியைக் குறிக்கும் சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் 'பால்' என்று, அதாவது நண்பர் என்று பொருள்படும் சொல்லாக அமையும். தலைமைச் சகோதரி நமக்கு நண்பர் என்று நினைவு வைத்தால் எழுத்துப்பிழை வராது. பயமும் சற்றுக் குறையும்!

'ஸ்டேஷனரி' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று, அசையாமல் நிற்பது. அதில் இறுதிக்கு முந்திய உயிரெழுத்து 'ஏ'. மற்றொன்று, காகிதம், பேனா, உறை முதலிய எழுதுபொருள்; அதில் 'ஈ'. உறையைக் குறிக்கும் 'என்வலப்' என்ற சொல் 'ஈ' என்ற எழுத்தில் தொடங்குவதை நினைவில் கொண்டால் குழப்பமில்லை. ஆனால் நிற்பதற்கும் பேனாவுக்கும் என்ன உறவு? இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வணிகர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றனர். பல்கலைக்கழகங்களின் அருகே நூல் விற்றவர்கள் மட்டும் நிலையான கடை போட்டிருந்தனர். ஓரிடத்தில் நிலையாக இருந்ததால் அவர்களுக்கு 'ஸ்டேஷனர்' என்ற பெயர் வந்தது. அவர்கள் விற்ற பொருள் ஸ்டேஷனரி ஆயிற்று. இலண்டனில் அத்தகையோரின் சங்கம் 1557-ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் பெற்றது. ஆகவே இவை இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்து ஆள் மாறி அழைத்துவிட்டால் அது அத்தனை பெரிய குற்றமா?

பாலைவனத்தைக் குறிக்கும் 'டெஸர்ட்' என்ற சொல், 'கைவிடப்பட்டது' என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே எழுத்துகளை முன்னசையில் அழுத்தாமல் பின்னசையில் அழுத்தி 'டிஸர்ட்' என்றால் 'கைவிடு' என்று வினைச்சொல்லாகிவிடும். உணவுக்குப் பின் வரும் இனிப்பும் அதே ஒலிதான். ஆனால் அதற்கு நடுவில் இரண்டு 'எஸ்'. அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பரிமாறியதை எடுத்துவிடுதல் என்பது அதன் பொருள். மேசையைத் துடைத்தபின் வருவதால் இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. நம் வீட்டு விருந்தில் இலை எடுப்பதற்கு முன்பே பாயசம் வந்துவிடும்! இன்னும் ஒரு கரண்டி கேட்கத் தோன்றும் இனிப்புக்கு இரண்டு 'எஸ்'. ஒரு முறையே போதும் என்று தோன்றும் பாலைவனத்துக்கு ஒரு 'எஸ்'. இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

'காம்ப்ளிமென்ட்' என்று கேட்கும் சொற்களும் இரண்டு. நடுவில் 'ஐ' இருந்தால் பாராட்டு. 'ஈ' இருந்தால் ஒன்றை நிறைவாக்குவது. இரண்டுக்கும் மூலம் 'நிரப்புதல்' என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லே. நாங்கள் இதைக் குறித்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அருகிலிருந்த அந்தத் தோழி, "இது நம் நிரப்பு கோணந்தானே? இரண்டு கோணம் சேர்ந்து 90 பாகை" என்றாள். தமிழில் படித்த கணக்கு அவளுக்கு இலத்தீன் வேரையே காட்டிக் கொடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த எங்களுக்கு அது தோன்றவில்லை.

நாட்குறிப்பைக் குறிக்கும் 'டைரி' என்ற சொல்லையும் பால் பண்ணையைக் குறிக்கும் 'டெய்ரி' என்ற சொல்லையும் மாற்றி எழுதாதவர் எங்கள் வகுப்பில் அரிது. டைரி, 'நாள்' என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது. டெய்ரி, மாவு பிசையும் பணிப்பெண்ணைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. அந்தப் பழைய சொல்லின் உறவு மற்றொரு சொல்லிலும் உண்டு. அது 'லேடி'. தொடக்கத்தில் அதற்கு 'அப்பம் பிசைபவள்' என்றுதான் பொருள். சீமாட்டி என்று நாம் வியந்து சொல்லும் சொல்லுக்குள் அடுப்பங்கரையில் மாவு பிசைந்த ஒரு பெண்ணின் கைகள் இருக்கின்றன. வேலை செய்யும் அன்னையரைத் தாழ்வாக நினைப்போர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

இனி உச்சரிப்புக்கு வருவோம். தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது ஏன் இயலவில்லை? அதற்கும் வரலாறு உண்டு. இரவைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லும், வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லும் இன்று ஒரே ஒலியுடையவை. ஆனால் பின்னதன் முன்னால் 'கே' என்ற எழுத்து வாய் திறவாமல் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த 'கே' ஒலித்தது. நடுவிலுள்ள 'ஜி, எச்' இரண்டும் சேர்ந்து தொண்டையில் ஒலித்தன. அன்று அச்சொல்லுக்குச் 'சிறுவன்', 'பணியாள்' என்று பொருள். 1476-ஆம் ஆண்டு வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்து போயிற்று. ஆனால் அதே நூற்றாண்டுகளில் மக்களின் வாயில் நெடில் உயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்ற சொல்லை அதற்கு முன் ஏறக்குறைய 'நாம' என்றே உச்சரித்தார்கள். எழுத்து நின்றது, ஒலி நடந்தது. இன்று நாம் ஒரு காலத்தின் எழுத்தைப் பார்த்து மற்றொரு காலத்தின் ஒலியைச் சொல்கிறோம். தடுமாற்றம் வராமல் என்ன செய்யும்?

இது போதாதென்று கற்றவர்களும் தம் பங்குக்குக் குழப்பினர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தான 'பி' இருக்கிறது. பிரெஞ்சு மொழியிலிருந்து அச்சொல் வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை. இலத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று புலவர்கள் பின்னர் நுழைத்தார்கள். எவரும் அதை ஒலிக்கவில்லை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லில் உள்ள 'எஸ்' அதனினும் மோசம். அது தூய பழைய ஆங்கிலச் சொல். இலத்தீனோடு அதற்கு உறவே இல்லை. உறவு உண்டு என்று தவறாக எண்ணி 'எஸ்' சேர்த்தார்கள். ஆகவே அச்சொல்லைச் சரியாக எழுதும்போதெல்லாம் நாம் ஒரு பழைய பிழையைத்தான் எழுதுகிறோம்! படைத்தலைவரைக் குறிக்கும் 'கர்னல்' என்ற சொல்லில் 'ஆர்' என்ற எழுத்தே இல்லை. இத்தாலிய மொழியில் லகரத்தோடு இருந்த சொல் பிரெஞ்சில் ரகரமாக மாறியது. ஆங்கிலேயர் எழுத்தை ஒன்றிலிருந்தும் ஒலியை மற்றொன்றிலிருந்தும் வைத்துக்கொண்டனர்.

ஆங்கிலேயரே இதைக் கேலி செய்ததுண்டு. 'ஜி, எச், ஓ, டி, ஐ' என்று எழுதி அதை 'ஃபிஷ்' என்று படிக்கலாம் என்பது ஒரு பழைய வேடிக்கை. 'இனஃப்' என்ற சொல்லில் 'ஜி, எச்' சேர்ந்து ஃபகரமாகிறது. 'விமின்' என்ற சொல்லில் 'ஓ' இகரமாகிறது. 'நேஷன்' என்ற சொல்லில் 'டி, ஐ' சேர்ந்து ஷகரமாகிறது. இதைப் பெர்னார்ட் ஷா சொன்னதாகப் பலர் கூறுவர். ஆனால் அவர் பிறந்தது 1856-இல். இந்த வேடிக்கை 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே காணப்படுகிறது. எனினும் ஷாவுக்கு ஆங்கில எழுத்தின் மீது கோபம் இருந்தது உண்மை. 1950-இல் அவர் மறைந்தபோது, புதிய நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கும்படி தம் உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். அந்தப் புதிய எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அச்சாயிற்று. இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றவருக்கே இப்பாடு என்றால், பத்தாம் வகுப்பு மாணவி எம்மாத்திரம்?

நம் பக்கத்துக் காரணங்களும் சில உண்டு. அறிவுரையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும், அறிவுரை கூறு என்னும் வினைச்சொல்லும் தமிழ் எழுத்தில் 'அட்வைஸ்' என்றே வரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பாம்பு சீறுவதுபோல் முடிய வேண்டும். வினைச்சொல் வண்டு இரைவதுபோல் முடிய வேண்டும். வண்டின் ஒலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆதலால் காதும் அதைத் தேடுவதில்லை. இது பழக்கத்தால் வரும். அறிவைப் பொறுத்தது அன்று.

'இஸ்கூல்' என்று சொல்லும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்காத பேத்தி உண்டா? தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் இணைந்து வருவதில்லை. அப்படி வரும் பிறமொழிச் சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வது தமிழ் நாவின் இயல்பு. பள்ளியைக் குறிக்கும் அதே இலத்தீன் சொல்லை ஸ்பெயின் நாட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னால் எகரம் சேர்த்து 'எஸ்குவேலா' ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பெயின்காரர் செய்தால் அது மொழி வரலாறு. நம் பாட்டி செய்தால் மட்டும் அது கல்லாமையா?

மேலும், ஆங்கிலம் நம்மிடம் கடன் வாங்காத மொழியும் அன்று. கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. மிளகுத்தண்ணீரை அப்படிச் சொன்ன ஆங்கிலேயரைப் பார்த்து எவரும் மேடையை விட்டு இறங்கச் சொல்லவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல் நம் 'காசு' என்று பெருமை பேசுவோர் பலர். நாங்களும் பேசினோம். அகராதியில் 'கேஷ்' என்று இரண்டு தனிச் சொற்கள் உள்ளன. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிப்பது காசிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றது. ரொக்கத்தைக் குறிப்பதோ 'பெட்டி' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. மொழிப்பற்று நல்லது, உண்மைப்பற்று அதனினும் நல்லது.

இத்தனையும் படித்தபின் சிலர் கேட்கலாம்: "அப்படியானால் தவறாகவே பேசலாம், தவறாகவே எழுதலாம் என்கிறீர்களா?" இல்லை. ஒருபோதும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் முதல்வரைக் கொள்கை என்று எழுதினால், படிப்பவர் அகராதி வரலாற்றை எண்ணி நம்மை மன்னிக்கப் போவதில்லை. தேர்விலும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். பிழை பிழைதான். திருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் திருத்துவது வேறு, சிரிப்பது வேறு. திருத்தப்பட்டவள் மறுமுறை சரியாகச் சொல்வாள்; சிரிக்கப்பட்டவள் மறுமுறை வாயே திறக்கமாட்டாள். வாய் திறவாதவள் எப்படிக் கற்பாள்? ஆங்கிலத்தில் 'உச்சரி' என்ற வினைக்கும் 'உச்சரிப்பு' என்ற பெயருக்கும் நடுவில் ஓர் உயிரொலி மாறும். 'ப்ரனௌன்ஸ்' என்பது 'ப்ரனன்ஸியேஷன்' ஆகும். அந்தச் சொல்லையே தவறாக உச்சரித்துக்கொண்டு பிறர் உச்சரிப்பைக் கேலி செய்த எங்களை என்னவென்று சொல்வது! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, எங்கள் அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும். வளாகத்தில் ஆங்கிலத்தில் பேசாதவர்களின் பெயரை வகுப்புத் தலைவி ஓர் ஏட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறது. நாங்கள் ஆங்கிலம் கற்று உயர வேண்டும் என்ற தாயுள்ளத்தால் வந்த வழக்கம் அது என்பதை அறிவோம். ஆனால் அந்த ஏட்டில் பெயர் ஏறிவிடுமோ என்று அஞ்சி இடைவேளை முழுவதும் ஊமையாய் இருப்போர் எத்தனை பேர் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதே ஏட்டில் பெயர்களுக்குப் பதிலாகச் சொற்களை எழுதலாமா? அன்றன்று எந்தச் சொல்லில் தடுமாறினோம் என்று நாங்களே எழுதுகிறோம். வாரத்தில் ஒரு நாள் வழிபாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் அவற்றுள் ஒன்றின் பொருளையும் பிறப்பையும் ஒலியையும் எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். ஒரு வாரம் ஆங்கிலச் சொல். மறு வாரம் தமிழ்ச் சொல். மனம், மணம், அரம், அறம், கரை, கறை என்று நாங்கள் குழப்பும் தமிழ்ச் சொற்களும் ஏராளம் உண்டு.

இரண்டாவது, எங்கள் பெற்றோருக்கு. விருந்தினர் வந்ததும் எங்களை அழைத்து ஆங்கிலத்தில் பேசிக் காட்டச் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுப் பெண் எப்படிப் பேசுகிறாள் என்று ஒப்பிடாதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் வரவில்லையே என்று பெற்றோர் கூட்டத்தில் பின் வரிசையில் ஒதுங்கி நிற்காதீர்கள். நீங்கள் முன் வரிசையில் அமர்ந்து தமிழில் கேளுங்கள். எங்களுக்கு அதில் வெட்கமில்லை.

மூன்றாவது, எங்கள் தோழியர்க்கும் எங்களுக்கும். ஒருத்தி பிழையாகச் சொன்னால் இனி நாம் கேட்க வேண்டியது, "எத்தனை பாகை?" என்பதன்று, "வா, சேர்ந்து பார்ப்போம்" என்பதே.

இறுதியாக ஒரு சொல். அழகானது, இனியது என்பதற்கெல்லாம் நாம் வாய்க்கு வாய் சொல்லும் ஆங்கிலச் சொல் 'நைஸ்'. அது 'அறியாதவர்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் பேதை என்றே பொருள்பட்டது. பல நூற்றாண்டுகளில் அது மெல்ல மெல்ல மாறி, இன்று நல்லவர் என்று பொருள் தருகிறது. ஒரு சொல்லுக்கே அறியாமையிலிருந்து நன்மைக்கு வர இத்தனை காலம் கொடுத்தார்கள். ஒரு மாணவிக்கு ஓராண்டு கொடுக்கக் கூடாதா?

எங்கள் தோழியிடம் அனுமதி பெற்றே இதை எழுதினோம். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் சிரித்தது அனைவர் முன்னிலையில் என்பதால், மன்னிப்பும் அனைவர் முன்னிலையில் கேட்பதே முறை என்று கருதி இந்த ஆண்டு மலரில் கேட்கிறோம். அடுத்த முறை அவள் பெயர் வழிபாட்டுப் பட்டியலில் வரும்போது அவள் தொண்டை சரியாக இருக்கும் என்று நம்புகிறோம். அவள் என்ன வாசித்தாலும், எப்படி வாசித்தாலும், முன் வரிசையில் அமைதியாக நின்று கேட்போம். இது உறுதி.

— பத்தாம் வகுப்பு மாணவி